டியூஷன் தேடுறீங்களா? ஃப்ளெக்ஸ்ல இருக்குற முகங்களை விடுங்க... இல்லாத முகங்களைப் பத்திக் கேளுங்க!

வீட்டுல முதல் ஆளா காலேஜ் முடிச்சவங்களுக்கு ஒரு கூடுதல் பதவி தானாவே வந்து சேரும். தம்பி, தங்கச்சி படிப்பு விஷயத்துல இனி அவங்கதான் கல்வி அமைச்சர். பத்தாவது முடிச்சா என்ன குரூப், கவுன்சலிங்ல எந்த காலேஜ்னு எல்லாமே அவங்ககிட்டதான் வரும். அதுல அடிக்கடி வர்ற ஃபைல் இதுதான்: "இவனை எந்த டியூஷன்ல சேர்க்கலாம்? போன்ல பார்த்து நீயே விசாரிச்சுச் சொல்லு."

திருக்கோவிலூர் மாதிரி ஊர்ல 'விசாரிக்கிறது'ன்னா பெரும்பாலும் மூணு வழிதான். கடைவீதியில இருக்குற ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப் குரூப்ல வந்த போஸ்டர், "எங்க பையன் அங்கதான் போறான்"னு சொல்ற பக்கத்து வீட்டு அக்கா. இந்த மூணுமே அந்த சென்டர்ல நல்லாப் படிச்ச யாரோ ஒருத்தரைப் பத்திச் சொல்லும். உங்க தம்பிக்கு அங்க என்ன நடக்கும்னு சொல்லாது. அதைத் தெரிஞ்சுக்க என்ன கேட்கணும், எதைப் பார்க்கணும்? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

நாலுல ஒருத்தர்!

டியூஷன்னா சிட்டி பசங்க விஷயம்னு சொல்ற காலம் போயிடுச்சு. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடத்திய கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 27 சதவிகித மாணவர்கள் தனியார் பயிற்சிக்குப் போகிறார்கள், அல்லது அந்தக் கல்வியாண்டில் போயிருக்கிறார்கள். நகரங்களில் இது 30.7 சதவிகிதம். கிராமங்களில் 25.5 சதவிகிதம். இடையில் இருப்பது வெறும் அஞ்சு சதவிகிதம்தான். அதாவது, கிராமத்துல இருந்து டவுனுக்கு பஸ் ஏறி வந்து படிக்கிற பசங்கள்லயும் நாலுல ஒருத்தர் ஸ்கூல் முடிஞ்சதும் இன்னொரு கிளாஸுக்குப் போறாங்க.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ரூல்ஸ் இருக்கான்னு கேட்டா, 2024-ல ரெண்டு வந்தது. ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பாடம் எடுப்பவர் குறைந்தபட்சம் பட்டதாரியாக இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம், மார்க்குக்கோ ரேங்குக்கோ உத்தரவாதம் தரக் கூடாது என்று அதில் நிறைய இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சி மையங்களின் ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்கத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஜனவரியில் வந்தது சட்டம் கிடையாது. மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டிய வழிகாட்டுதல். அடுத்தது ரொம்ப முக்கியம். ரெண்டு ஆவணங்களுமே 'பயிற்சி மையம்'னு சொல்றது 50 மாணவர்களுக்கு மேல படிக்கிற இடத்தைத்தான்.

நம்ம ஊர் டியூஷனை இப்ப மனசுல கொண்டுவாங்க. மாடியில ஒரு ரூம், ஒரு வெள்ளை போர்டு, 30 பசங்க. இல்லைன்னா ஒரு அக்கா வீட்டு வாசல்ல பாய் விரிச்சு 15 பசங்க. அந்த 50 கணக்குக்குள்ள இவங்க வரவே மாட்டாங்க. அங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாரும் வரப் போறதில்ல. அந்த இன்ஸ்பெக்டர் வேலையைச் செய்யப்போறது நீங்கதான். கையில டார்ச் லைட் எல்லாம் வேணாம், சரியான கேள்விகள் போதும்.

முதல்ல இதைக் கேளுங்க: டியூஷன் எதுக்கு?

"எல்லாரும் போறாங்க" என்பது காரணம் இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணம் வேற. அந்தக் காரணம் தெரியாம சென்டரைத் தேடுறது, என்ன நோய்னு தெரியாம மெடிக்கல்ல மாத்திரை கேட்குற மாதிரி.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பிகூட ஒரு மணி நேரம் உட்காருங்க. ஒன்பதாவது படிக்கிறான்னா ஏழாவது கணக்குப் புத்தகத்துல இருந்து பின்னம், சதவிகிதம், ஒரு எளிய சமன்பாடு குடுங்க. இங்கிலீஷ் பாடத்துல ஒரு பத்தியை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அறிவியல் பாடத்துல ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு"ன்னு கேளுங்க. திட்டாம, போனைப் பார்க்காம உட்காரணும். அது முக்கியம்.

ஏழாவது கணக்கிலேயே தடுமாறினா, அவனுக்கு வேண்டியது ஒன்பதாவது பாடத்தை இன்னொரு தடவை வேகமா நடத்துற சென்டர் இல்ல. பின்னாடி போய் அடிப்படையிலிருந்து சொல்லித் தர ஒருத்தர் வேணும். எல்லாம் தெரியுது, ஆனா பரீட்சையில நேரம் போதலைன்னா எழுதிப் பழகணும். ஒரே ஒரு பாடம்தான் பிரச்னைன்னா அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஆள் பாருங்க. அஞ்சு பாடத்துக்கும் சேர்த்து ஃபீஸ் கட்ட வேண்டாம். வீட்டுல அம்மா, அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறாங்க, சாயங்காலம் பிள்ளை தனியா இருக்கக் கூடாதுன்னா அதுவும் நியாயமான காரணம்தான். அப்ப மார்க்கைவிட அந்த இடம் எவ்வளவு பாதுகாப்புன்னு பாருங்க.

காசு கட்டுறதுக்கு முன்னாடி காசில்லாத வழிகளையும் ஒரு தடவை பார்த்துடுங்க. 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது நம்ம பக்கத்திலேயேதான். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே இருக்கும் முதலியார்குப்பத்தில். கொரோனாவால் விட்டுப்போன பாடங்களை, சாயங்காலத்தில் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுக்க வந்த திட்டம் அது. உங்க ஊர்ல மையம் நடக்குதான்னு ஸ்கூல்ல கேளுங்க. 2023-ல பள்ளிக்கல்வித் துறை கொண்டுவந்த 'மணற்கேணி' ஆப்ல ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் பாட வீடியோக்கள் இருக்கு. ஒரு பாடம் மட்டும் புரியாத பிள்ளைக்கு, அந்த வீடியோவும் உங்க அரை மணி நேரமும் போதும்னுகூட ஆகலாம்.

ஃப்ளெக்ஸ் கணக்கு

சரி, டியூஷன் வேணும்னு முடிவாயிடுச்சு. இப்ப ஃப்ளெக்ஸுக்கு வருவோம்.

பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட்ல மாநில அளவுல முதலிடம், இரண்டாமிடம்னு அறிவிக்கிறதை தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திடுச்சு. பிள்ளைங்களுக்கு நடுவுல தேவையில்லாத போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம்னுதான் அந்த முடிவு. அரசு நிறுத்தினாலும் ஃப்ளெக்ஸ் நிக்கல. சென்டம் எடுத்த பசங்க போட்டோ இன்னும் பெருசா வருது.

அந்த போட்டோக்களுக்குப் பின்னாடி என்ன கணக்கு ஓடலாம்னு தெரிஞ்சுக்க ஒரு உதாரணம் போதும். 2024-ல் சென்னையின் சங்கர் ஐ.ஏ.எஸ் அகாடமிக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2022 சிவில் சர்வீஸ் தேர்வில் தேர்வான 933 பேரில் 336 பேர் தங்கள் மாணவர்கள் என்று விளம்பரம் வந்திருந்தது. விசாரித்தபோது, அந்த 336 பேரில் 221 பேர் எடுத்தது இலவச இன்டர்வியூ பயிற்சியை மட்டும்தான் என்று தெரியவந்தது. பிரிலிம்ஸ், மெயின்ஸ் ரெண்டையும் ஏற்கெனவே தாண்டி, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வந்தவர்கள். எந்த கோர்ஸ் படிச்சாங்கன்னு விளம்பரத்தில் சொல்லாதது நுகர்வோரை ஏமாற்றுவதுன்னு ஆணையம் சொன்னது.

நவம்பரில் வந்த விதிகள் இதைத்தான் குறி வைக்கின்றன. ஜெயித்த மாணவரின் போட்டோவைப் போட வேண்டுமென்றால், அவர் ஜெயித்த பிறகு எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். என்ன கோர்ஸ், எவ்வளவு காலம் படித்தார் என்பதும் போட்டோ பக்கத்திலேயே இருக்க வேண்டும். 'இன்னும் 3 சீட்தான் இருக்கு'ன்னு பொய்யா அவசரப்படுத்துறதும் தப்பு.

உங்க ஊர் மாடி ரூம் டியூஷனுக்கு இந்த விதி பொருந்தாமப் போகலாம். கேள்வி பொருந்தும். ஃப்ளெக்ஸ்ல 8 பேர் சிரிச்சா, அந்த பேட்ச்ல மொத்தம் எத்தனை பேர்? 8 பேர்ல 8 பேரா, 80 பேர்ல 8 பேரா? அந்த எட்டுப் பேரும் சேரும்போதே 90 மார்க் எடுத்துட்டு இருந்தவங்களா? சேர்க்கும்போதே நல்லாப் படிக்கிற பசங்களை மட்டும் பொறுக்கி எடுத்தா, யார் நடத்தினாலும் ரிசல்ட் வரும்.

சென்டர் நடத்துறவர்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க: "சார், போன வருஷம் இங்க காலாண்டுல 40 மார்க் எடுத்துட்டு இருந்த பையன் யாராவது இருந்தாங்களா? கடைசியில என்ன ஆனாங்க?" நல்ல வாத்தியாரா இருந்தா இந்தக் கேள்விக்கு முகம் மலரும். அந்தப் பையனை எப்படிக் கொண்டுவந்தார்னு பத்து நிமிஷம் பேசுவார். "சார், நம்மகிட்ட எல்லாருமே நல்லா எடுப்பாங்க"ன்னு மழுப்பினா, ஃப்ளெக்ஸ்ல இல்லாத பசங்க அவருக்கு ஞாபகத்துல இல்லைன்னு அர்த்தம். உங்க தம்பி சராசரி மாணவன்னா, அவனும் அந்த லிஸ்ட்லதான் சேரப்போறான்.

கிளாஸுக்குள்ள என்ன நடக்குது?

சேர்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு, மூணு நாள் டெமோ கிளாஸ் கேளுங்க. விசாரிக்கிற அன்னைக்கு உங்ககிட்ட பேசின சாரேதான் தினமும் பாடம் எடுப்பாரான்னு கேளுங்க. பேர் ஒருத்தருடையது, கிளாஸ் எடுக்கிறது அந்த வருஷம் டிகிரி முடிச்ச இன்னொருத்தர்னு இருக்கலாம். புதுசா வந்தவர் நல்லா நடத்துவார்னா தப்பே இல்ல. யார்னு தெரிஞ்சுதான் சேர்க்கணும், அவ்வளவுதான்.

ஒரு ரூம்ல எட்டாவதும் பத்தாவதும் பிளஸ் டூவும் ஒண்ணா உட்கார்ந்திருந்தா, ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே எவ்வளவு நேரம் கிடைக்குதுன்னு கணக்குப் போடுங்க. ரெண்டு மணி நேரம், மூணு வகுப்பு, 30 பசங்க. ஒரு பிள்ளைக்கு நாலு நிமிஷம்.

ஆனா எந்த டெமோவையும்விட உண்மை பேசுறது, அங்க ஏற்கெனவே படிக்கிற ஒரு பிள்ளையோட நோட்டு. பக்கத்துத் தெருவுல யாராவது இருப்பாங்க, வாங்கிப் பாருங்க. டெஸ்ட் பேப்பர்ல சிவப்பு மையில வெறும் டிக்கும் மார்க்கும் மட்டும் இருக்கா, இல்ல எந்த ஸ்டெப்ல தப்பு பண்ணான்னு வட்டம் போட்டிருக்கா? தப்பு பண்ண கணக்கை மறுபடி போட வெச்சிருக்காங்களா? நோட்டு முழுக்க கைடுல இருந்து எழுதிக்கிட்ட பதிலா இருந்தா, அந்த கைடை நீங்களே கடையில வாங்கிக் குடுத்துடலாம்.

புக் பேக் கேள்விகளையும் 'முக்கியக் கேள்வி' லிஸ்ட்டையும் மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிற இடங்கள் ஜாஸ்தி. பத்தாவதுல அது கொஞ்சம் கைகொடுக்கும். பிளஸ் ஒன்ல இயற்பியலும் கணக்கும் வரும்போது அதே பிள்ளை திணறும். அதனால டெமோ முடிஞ்சு வந்ததும் "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்காதீங்க, "நல்லாருந்துச்சு"ன்னுதான் பதில் வரும். "இன்னைக்கு யாராவது டவுட் கேட்டாங்களா? சார் என்ன சொன்னார்?"னு கேளுங்க. யாருமே டவுட் கேட்காத கிளாஸ்னா, எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கேட்க பயம்னு அர்த்தம்.

பயம்னதும் இதையும் சொல்லிடணும். "நம்ம சார் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், அடிச்சாதான் படிப்பாங்க"ன்னு பெருமையா சொல்ற வீடுகள் இன்னும் இருக்கு. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்திருக்கிறது. டியூஷனுக்கு அது பொருந்தாதுன்னு யாராவது சொன்னா, சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவைச் சொல்லுங்க. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் யாராக இருந்தாலும், அடித்துத் துன்புறுத்தினால் தண்டனை உண்டு. பிள்ளை திடீர்னு டியூஷனுக்குப் போக மாட்டேன்னு அடம்பிடிச்சா, சோம்பேறித்தனம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உட்கார வெச்சுப் பேசுங்க. தவறான தொடுதல் மாதிரி எதுவா இருந்தாலும் 1098-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். அரசின் மாணவர் உதவி எண் 14417.

மாடிப்படியைப் பாருங்க

ஃபீஸ் கேட்போம், மார்க் கேட்போம், கட்டடத்தை மட்டும் பார்க்க மாட்டோம். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. 2019 மே மாதம் குஜராத்தின் சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல் மாடியில் நடந்த பயிற்சி மையத்தில் தீப்பிடித்து 22 மாணவர்கள் இறந்தார்கள். 2024 ஜூலையில் டெல்லி ராஜேந்தர் நகரில் ஐ.ஏ.எஸ் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்த நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 3 பேர் இறந்தார்கள். மூணு இடத்திலும் பிள்ளைங்க படிக்கத்தான் போயிருந்தாங்க.

நீங்க பார்க்க வேண்டியது சிம்பிள். ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் ஒரே படிதானா? அந்தப் படியில ரெண்டு பேர் ஒண்ணா இறங்க முடியுமா? படிக்குக் கீழ டூ வீலர் நிறுத்தி வழியை அடைச்சிருக்காங்களா? ஜன்னல் திறக்குமா, கம்பி போட்டு நிரந்தரமா மூடியிருக்கா? மேல ஓலையோ தகரமோ இருந்தா ஏப்ரல் மாச வெயில்ல எப்படி இருக்கும்? கீழ சமையல் கூடமோ கேஸ் சிலிண்டரோ இருக்கா? பாத்ரூம் இருக்கா, பெண் பிள்ளைங்க போற மாதிரி இருக்கா?

மழையும் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டதைப் பார்த்தவங்கதான் நாம. மழை அலெர்ட் வந்து கலெக்டர் ஸ்கூலுக்கு லீவு விட்டா, டியூஷனுக்கும் லீவான்னு சேர்க்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க.

ரசீது குடுங்க சார்!

பணத்துல மூணு விஷயம். மொத்தமா கட்டாதீங்க, ரசீது இல்லாம கட்டாதீங்க, நடுவுல நின்னா என்னன்னு கேட்காம கட்டாதீங்க.

'வருஷத்துக்கு மொத்தமா கட்டினா டிஸ்கவுன்ட்'னு சொன்னா ஆசையாத்தான் இருக்கும். 2025 ஜனவரியில் நொய்டா, காஸியாபாத், மீரட் போன்ற வட இந்திய நகரங்களில் ஃபிட்ஜீ நிறுவனத்தின் பல மையங்கள் திடீரென மூடப்பட்டன. சம்பளம் வராத ஆசிரியர்கள் விலகிப்போக, முன்கூட்டியே லட்சக்கணக்கில் கட்டிய பெற்றோர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். பல வருஷமா பேர் வாங்கின, நாடு முழுக்க கிளை வெச்சிருந்த நிறுவனத்துக்கே இந்த நிலைமைன்னா, வாடகை மாடியில நடக்கிற சென்டருக்கு வருஷ ஃபீஸை முன்பணமா குடுக்கலாமான்னு யோசிங்க. மாசாமாசம் கட்டுறதுதான் நல்லது. பிடிக்கலைன்னா அடுத்த மாசம் நிறுத்திக்கலாம்.

நடுவில் நின்றுவிட்டால், மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், கோர்ஸ் நடக்கும்போது ஃபீஸை ஏற்றக் கூடாது என்கின்றன 2024 ஜனவரி நெறிமுறைகள். உங்க ஊர் சென்டர் அந்த 50 பேர் கணக்குக்குள்ள வராட்டியும், இதையே பேச்சுவார்த்தைக்கான அளவுகோலா வெச்சுக்கலாம். "சார், ரெண்டு மாசத்துல நின்னா மீதி திருப்பித் தருவீங்களா?"ன்னு கேட்டு, பதிலை வாட்ஸ்அப் மெசேஜாவே வாங்கிடுங்க.

ரசீதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் இந்த 50 பேர் கணக்கு கிடையாது. பள்ளி, கல்லூரிகளைப் போலப் பயிற்சி மையங்களைக் கருத முடியாது, அவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. காசு வாங்கிட்டு சொன்ன சேவையைத் தரலைன்னா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்ல. முதல்ல 1915-க்கு ஒரு கால் பண்ணிப் பார்க்கலாம். எதுக்குமே கையில ஒரு ஆதாரம் வேணும். நோட்டுல கிழிச்சுக் குடுத்த பேப்பரா இருந்தாலும் தேதி, தொகை, கையெழுத்து இருந்தா போதும். ஜிபே பண்ணினா, எந்த மாசத்துக்கு, யாருக்குன்னு குறிப்புல எழுதி அனுப்புங்க.

"ஸ்கூல் சாரே டியூஷன் எடுக்கிறார்..."

இது கொஞ்சம் சங்கடமான ஏரியா. பகல்ல கிளாஸ் எடுக்கிற சாரே சாயங்காலம் வீட்டுல டியூஷன் எடுப்பார். போகலைன்னா பிராக்டிகல் மார்க்லயோ, பிளஸ் டூ அகமதிப்பீட்டுலயோ கை வெச்சுடுவாரோன்னு ஒரு பயம். அந்த பயத்துலேயே சேர்க்கிறவங்க உண்டு.

கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. அந்தத் தடைக்குக் காரணமும் இதுதான்: மார்க் போடுற கையே ஃபீஸும் வாங்கக் கூடாது. எல்லா ஆசிரியர்களும் அப்படின்னு சொல்ல வரல. ஸ்கூல் முடிஞ்சும் காசு வாங்காம உட்கார்ந்து சொல்லித் தர்றவங்க ஏராளம். ஆனா "என் டியூஷனுக்கு வந்தாதான்"னு ஒரு வார்த்தை வந்தா, அது டியூஷன் பிரச்னை இல்ல, புகார் பண்ண வேண்டிய பிரச்னை.

இன்னொரு வலையும் இருக்கு. "எங்க கோச்சிங்ல சேருங்க, கூடவே இந்த பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்திடுங்க"ன்னு சொல்ற இடங்கள். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. பிளஸ் ஒன்ல ஒரே ஒரு வருஷம் பள்ளி மாறினாலும் அந்தக் கதவு மூடிடும். அரசுப் பள்ளியில படிக்கிற பிள்ளைக்கு, எந்த கோச்சிங்கும் தர முடியாத சலுகை அது. மாத்தச் சொல்றவங்க இதைச் சொல்லாம விட்டா, நீங்க ஞாபகப்படுத்துங்க.

கடைசி பஸ், முதல் தூக்கம்

பிள்ளையோட ஒரு நாளை பேப்பர்ல எழுதிப் பாருங்க. காலையில ஏழரைக்கு பஸ். ஒன்பது மணியிலிருந்து நாலரை வரைக்கும் ஸ்கூல், பத்தாவதுன்னா அதுக்கு மேல ஸ்பெஷல் கிளாஸ். ஆறுல இருந்து எட்டு டியூஷன். அப்புறம் பஸ்ஸுக்கு நின்னு, ரிஷிவந்தியம் பக்கமோ மணலூர்பேட்டை பக்கமோ இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர ஒன்பது. சாப்பிட்டு, ஸ்கூல் ஹோம்வொர்க், டியூஷன் ஹோம்வொர்க். இதுல அவன் தானா உட்கார்ந்து படிக்கிற நேரம் எங்க இருக்கு? அந்த நேரம் இல்லாம எந்தப் பாடமும் மண்டையில நிக்காது.

தென் கொரியாவில் டியூஷன் மோகம் முற்றிப்போய், சியோல் நகரில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் நடத்தத் தடை போட வேண்டியிருந்தது. சீனா 2021-ல் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதையே தடை செய்தது. பிள்ளைகளின் தூக்கத்தைக் காப்பாற்ற அரசே இறங்கும் நிலைமை அங்கே வந்தது. நம்ம வீட்டுல அந்த 10 மணி சட்டத்தை நாமே போட்டுக்கலாம்.

அதனால 'பெஸ்ட் சென்டர்' ஊருக்கு அந்தக் கோடியில இருந்து, 'பரவாயில்லாத சென்டர்' பஸ் ஸ்டாப் பக்கத்துல இருந்தா ரெண்டாவதுதான் பெஸ்ட். ராத்திரி கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டா அடுத்து என்ன வழி, தெரு விளக்கு எரியுதான்னு ஒரு நாள் நீங்களே அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்க. கல்வராயன் மலையிலிருந்து கீழே வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஹாஸ்டல் கேட் மூடுற நேரம்தான் முதல் நிபந்தனை. பாலத்தைத் தாண்டி அரகண்டநல்லூர் பக்கம் சேர்க்கிறீங்கன்னா, அது விழுப்புரம் மாவட்டம். மழை லீவு கள்ளக்குறிச்சி கலெக்டர் சொன்னா அங்க செல்லாது. புகாரும் அந்த மாவட்டத்துலதான் குடுக்கணும். சின்ன விஷயம்தான், தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

சேர்த்தாச்சு... அப்புறம்?

சேர்த்ததோட அமைச்சர் வேலை முடியல. போன்ல ஒரு ரிமைண்டர் போடுங்க: ஆறு வாரம் கழிச்சு. அன்னைக்கு, முதல் ஞாயித்துக்கிழமை குடுத்த அதே ஏழாவது கணக்கை மறுபடி குடுங்க. மார்க் ஷீட் எதுவும் வேணாம். அவன் பேனாவை எடுக்கிற விதத்துலயே தெரிஞ்சுடும்.

அவன் தானா புத்தகத்தைத் திறக்கிறான், "இது எனக்கே வருது"ன்னு சொல்றான்னா சரியான இடம். "டியூஷன்ல இன்னும் நடத்தல, அதான் தெரியல"ன்னு ஸ்கூல் பாடத்தைக்கூட டியூஷனுக்காகத் தள்ளி வைக்கிறான்னா கவனிக்கணும். பழைய பயம் போய், டியூஷன் இல்லாம முடியாதுங்குற புது பயம் வந்திருக்கு. மார்க் ஏறல, ஆனா பிள்ளை சோர்ந்து போறான்னா நிறுத்துறதுக்குத் தயங்காதீங்க. கட்டின ஃபீஸுக்காக இன்னும் ஆறு மாசம் அனுப்பினா, காசோட சேர்த்து அந்த வருஷமும் போயிடும்.

நல்ல வாத்தியார் ஒரு கட்டத்துல, "இனி இவனே படிச்சுப்பான், வாரத்துல ஒரு நாள் டவுட் கேட்க வந்தா போதும்"னு சொல்வார். அப்படிச் சொல்றவர் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஆளா இருக்க மாட்டார், போஸ்டர்ல தேடினா கிடைக்கவும் மாட்டார். போன வருஷம் 40 மார்க்ல இருந்து 70-க்கு வந்த ஏதாவது ஒரு பையனோட அம்மாகிட்ட கேளுங்க. அட்ரஸ் கிடைக்கும்.